கடைமடைக்கு வந்தவை

மேல் பண்ணை, கொயோட்டி ஓடை
30 மே 1988

ஃபெர்மின்,

நேற்று நான் ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பிப் போனதை நீ பயம் என்று நினைத்திருக்கலாம். சம்மதம் என்றுகூட நினைத்திருக்கலாம். இரண்டும் இல்லை. வாய் வரவில்லை, அவ்வளவுதான். தொலைபேசியை எடுத்தால் உன் குரலைக் கேட்க வேண்டியிருக்கும். அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வந்தாய். நான் பூசைக்குப் போயிருப்பேன், மதியம் வரை திரும்ப மாட்டேன் என்பது உனக்குத் தெரியும். பாதிரியாருக்குக் காய்ச்சல், பூசை இல்லை. அது உனக்குத் தெரியாது. நான் வண்டியை விட்டு இறங்கும்போதே பொக்லைன் சத்தம் கேட்டது. சரி, வேலியை யாரோ சரிசெய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போன செருப்போடு புல்வெளிக்குள் நடந்து வந்தேன்.

நீ பெரிய அணையின் நடுவில் வண்டியை நிறுத்தியிருந்தாய். பாதி அணை ஏற்கெனவே போய்விட்டது. ஐந்து வருடமாக அந்தப் பீவர்கள் மரத்தைப் பல்லால் கடித்து, இழுத்து, சேறு அப்பிக் கட்டியது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். உன் முகம் எனக்குத் தெரிந்தது, என் முகம் உனக்குத் தெரிந்தது. நிறுத்துவாய் என்று நினைத்தேன்.

என்னைப் பார்த்துக்கொண்டே இன்னொரு முறை வாளியை இறக்கினாய்.

அணையை உடைத்ததைக்கூட ஒருநாள் மறப்பேனோ என்னவோ. அந்த இன்னொரு முறையை என்னால் மறக்க முடியாது. ஏன் நிறுத்தவில்லை? என் வாசற்கதவு வழியாகத்தான் அந்த இயந்திரத்தைக் கொண்டு வந்திருக்கிறாய். பூட்டாத கதவு. உன் அண்ணன் இருந்த காலத்திலிருந்தே அதற்குப் பூட்டே கிடையாது. இன்று பூட்டு வாங்கி வந்து போட்டுவிட்டேன்.

கிராசியானா


கீழ்ப் பண்ணை
6 ஜூன் 1988

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எனக்கும் சொல்ல இருக்கிறது.

தலைமடையில் இருப்பவருக்குத் தண்ணீர் கண்ணுக்கு முன்னால் நிற்கும். கடைமடையில் இருப்பவனுக்கு அது வரும் என்ற நம்பிக்கை மட்டும்தான். சென்ற வருடம் பனியே சரியாகப் பெய்யவில்லை. இந்த வருடம் அதைவிட மோசம். என் புல்வெளி மே மாதத்திலேயே மஞ்சளாகிவிட்டது. அங்கே மேலே, உங்கள் நிலத்தில், நான்கு குளம் நிறையத் தண்ணீர் சும்மா நிற்கிறது. வாத்து நீந்துகிறது. அதைப் பார்த்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

என் அப்பாவும் என் அண்ணனும் அந்த ஓடையில் ஒரு பீவரைக்கூடத் தங்க விட்டதில்லை. லியோன் போனபிறகு அவை பெருகியதை நீங்கள் தடுக்கவில்லை. மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். மூன்று முறையும் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தீர்கள். ஓடையில் ஒரு பீவர்கூட இருக்கக் கூடாது என்று இந்த வசந்தத்தில் தண்ணீர்ச் சங்கத்துக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம், அதுவும் உங்களுக்குத் தெரியும். முதல் கையெழுத்து என்னுடையது. மறைக்கவில்லை.

அணை உடைந்ததும் தண்ணீர் நன்றாக வந்தது. வாய்க்கால் நிறைய வந்தது. பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

உங்களைப் பார்த்தபிறகும் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி உடைத்ததை அப்படியே விட்டால் ஆபத்து என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

ஃபெர்மின்


மேல் பண்ணை
27 ஜூன் 1988

ஃபெர்மின்,

காப்பி கொடுத்து அனுப்பினேன் என்கிறாய். நீ ஒருமுறையாவது என்னோடு குளத்தருகே வந்து பார்த்திருக்கலாம். நான் கூப்பிட்டேன். "எலியைப் பார்க்க எனக்கு நேரமில்ல அண்ணி" என்றாய்.

இப்போது என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ஓடைக்குள் ஒரு படி விழுந்திருக்கிறது. நீ உடைத்த இடத்தில், ஐந்து வருடச் சேறு அடியோடு போன இடத்தில், தண்ணீர் கீழே விழுந்து விழுந்து மண்ணை அரிக்கிறது. படி என் இடுப்பு உயரம். அது நின்ற இடத்தில் நிற்காது. அரிக்க அரிக்க மேலே ஏறிக்கொண்டு வருகிறது. பதினெட்டாம் தேதி இடியோடு பெய்ததே ஒரு மழை, அன்றைக்கு மட்டும் லியோனின் பழைய லாரி நீளத்துக்கு மேலே வந்துவிட்டது. இரண்டாவது குளம் வடிந்துவிட்டது. புல்வெளியின் ஈரம் பக்கவாட்டில் அந்தப் பள்ளத்துக்குள் கசிந்து போய்க்கொண்டிருக்கிறது. படி ஊற்றுக்கண் வரைக்கும் வந்துவிட்டால் வீட்டுக்கிணறு அவ்வளவுதான்.

பீவர்களைக் காணவில்லை. ஒரு குட்டியை மட்டும் சேற்றில் கண்டேன். என் கையளவுதான் இருந்தது. பல் மட்டும் பெரியவற்றைப் போலவே ஆரஞ்சு நிறம். வில்லோ மரத்தடியில் புதைத்தேன். மற்றவை செத்தனவா, எங்கேயாவது போயினவா தெரியாது. தினமும் ஓடையோரம் நடந்து தேடுகிறேன். உன் வேலி வரைக்கும் வருகிறேன், அதற்கு அப்பால் வருவதில்லை.

இதை எழுதும்போது எனக்கு இன்னொரு விஷயமும் உறுத்துகிறது. அதை நீ வேறு யாரிடமிருந்தாவது கேள்விப்பட்டிருப்பாய். எழுத வரவில்லை.

கி.


கீழ்ப் பண்ணை
5 ஜூலை 1988

அண்ணி,

கேள்விப்பட்டேன். வெண்டல் வந்து சொன்னான். என் வேலியை ஒட்டிய பண்ணைக்காரன், அவனுக்கு இப்படிப்பட்ட செய்தி என்றால் லாரியை மெதுவாக ஓட்டவே தெரியாது.

"உன் அண்ணி சனிக்கிழமை விடுதியில, நீள மேசையில, எல்லாரும் சூப் குடிக்கறப்ப என்ன சொன்னாங்க தெரியுமா?" என்றான். வேண்டாம் என்றேன். சொன்னான். "தன் அண்ணன் டிராக்டருக்கு அடியில கெடந்தப்ப டவுன்ல சீட்டாடிட்டு இருந்தவன், எதத்தான் உடைக்க மாட்டான்" என்று சொன்னீர்களாம்.

 அன்றைக்கு நான் மூஸ் சீட்டு ஆடிக்கொண்டுதான் இருந்தேன். ஜெயித்துக்கொண்டும் இருந்தேன். புல் வெட்டும் நாட்களில் அண்ணனைத் தனியாகச் சரிவில் விட்டுவிட்டு வந்தேன். நீங்கள் சொன்னது ஒன்றும் பொய்யில்லை. ஆறு வருடமாக அதை யாராவது சத்தமாகச் சொல்வார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சொன்னீர்கள். பரவாயில்லை.

அதற்குப் பிறகு டவுனுக்குப் போகவில்லை. உப்பும் மாவும் இருக்கிறது.

நான் சந்தோஷப்படுவேன் என்று எழுதியிருந்தீர்கள். என் வாய்க்காலில் தண்ணீர் இல்லை. அணை உடைந்து ஒன்பது நாளோ பத்து நாளோ வந்தது, பிறகு வடிந்துவிட்டது. ஜூலை முதல் வாரத்தில் ஓடை இங்கே வறண்டதாக எனக்கு நினைவே இல்லை. சென்ற வருடம்கூட, பனி இல்லாத வருடத்தில்கூட, செப்டம்பர் வரைக்கும் மணிக்கட்டுத் தடிப்புக்காவது வந்துகொண்டிருந்தது. வெயிலால்தான் இருக்கும்.

ஒரு கேள்வி. வில்லோ இல்லாத இடத்தில் பீவர் எதைத் தின்னும்? காட்டன்வுட் மரத்தைத் தின்னுமா? காரணம் ஒன்றுமில்லை. சும்மாதான் கேட்டேன்.

ஃபெர்மின்


மேல் பண்ணை
18 ஜூலை 1988

ஃபெர்மின்,

பரவாயில்லை என்று எழுதாதே. பரவாயில்லை என்று விடக்கூடியது இல்லை.

நான் சொன்னது பொய். அந்தச் சரிவில் டிராக்டரை ஓட்டாதே என்று அவர் அப்பாவும் சொன்னார், நானும் சொன்னேன், நீயும் சொன்னாய். நீ அன்று அங்கே இருந்திருந்தாலும் அவர் ஓட்டியிருப்பார், நீ பார்த்துக்கொண்டு நின்றிருப்பாய். எனக்கு இது தெரியும். தெரிந்துதான் சொன்னேன். நீ என் அணையை உடைத்தாய், நான் உன்னிடம் எது உடையும் என்று தேடினேன். மேசையில் இருந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அந்த நிமிடம் எனக்கு நன்றாகத்தான் இருந்தது, ஃபெர்மின். அதுதான் வெட்கம். லாரியில் ஏறி உட்கார்ந்தபிறகுதான் உடம்பு கூசியது.

சென்ற சனிக்கிழமை மறுபடி போனேன். அதே மேசை, அதே ஆட்கள். எழுந்து நின்று சொன்னேன்: "போன தடவ ஃபெர்மினப் பத்தி நான் சொன்னது பொய். லியோன் செத்ததுக்கும் அவனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. கோவத்துல சொன்னேன்."

 சமையல்கார மெர்சேதான், பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவள், "சரி கிராசியானா, கேட்டுட்டோம். உக்காரு, சூப் ஆறுது" என்றாள். வெண்டல், "அப்ப அணைய ஒடச்சது?" என்றான். "அது நெசம்" என்றேன். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது, தெரியும். அவர்கள் மனதில் அது கிடக்கும். உன் மனதிலும்.

உன் கேள்விக்கு: தின்னும். ஆஸ்பென் என்றால் உயிர், வில்லோ என்றால் சாப்பாடு, காட்டன்வுட் என்றால் பசிக்கு. ஏன் கேட்கிறாய்?

ஓடை வறண்டதற்கு வெயில் காரணம் இல்லை. பீவர் அணை ஒழுகும். எப்போதும் ஒழுகும். வசந்தத்தில் ஒரே மூச்சில் ஓடிவிடக்கூடிய தண்ணீரைப் பிடித்து வைத்து, மண்ணுக்குள் இறக்கி, கோடை முழுக்கச் சொட்டுச் சொட்டாக உனக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. என் குளத்தில் நின்றது உன் செப்டம்பர்த் தண்ணீர். அதை நீ மே மாதத்திலேயே குடித்துவிட்டாய்.

இதைச் சொல்லிக்காட்டுவதற்காக எழுதவில்லை. கொஞ்சம் சொல்லிக்காட்டுவதற்காகவும்தான்.

கிராசியானா


கீழ்ப் பண்ணை
11 ஆகஸ்ட் 1988

அண்ணி,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அவை என்னிடம் இருக்கின்றன.

இரண்டு பெரியவை, போன வருடத்துக் குட்டிகள் இரண்டு, இந்த வருடத்துக் குட்டி ஒன்று. ஜூன் முதல் வாரத்திலேயே வந்துவிட்டன. நான் உடைத்துவிட்ட தண்ணீரோடு சேர்ந்தே வந்திருக்கும். காலையில் மதகைத் திறக்கப் போனால் திருகு சுற்றவில்லை. எட்டிப் பார்த்தால் கிளையும் சேறும் கல்லுமாக அடைத்து வைத்திருக்கிறது. கம்பியால் குத்தி எடுத்தேன். மறுநாள் காலை மறுபடி அடைத்திருந்தது. மறுபடி எடுத்தேன். ஒரு வாரம் இப்படியே போனது. நான் பகலில் எடுப்பேன், அவை இருட்டியதும் அடைக்கும். யார் களைப்பார்கள் என்று பார்த்தேன். நான்தான் களைத்தேன்.

நீங்கள் தினமும் ஓடையோரம் தேடுவதாக எழுதியதைப் படித்தபோது அவை என் மதகில் இருந்தன. காட்டன்வுட் தின்னுமா என்று கேட்டபோது என் மரத்தைத் தின்றுகொண்டிருந்தன. உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வந்து பார்ப்பீர்கள். வந்தால் என் முகத்தைப் பார்ப்பீர்கள்.

சொல்லாமலே வந்துவிட்டீர்கள். செவ்வாய்க்கிழமை மதியம். என் வேலியைத் தாண்டி வந்தீர்கள். நான் கொட்டகையில் இருந்தேன். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். "ஃபெர்மின்" என்று இரண்டு முறை கூப்பிட்டீர்கள். ஐம்பத்து மூன்று வயது ஆள் நான், புல்கட்டுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்துகொண்டேன். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன். நாய் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. நீங்கள் மதகுப் பக்கம் போகாமல் திரும்பிவிட்டீர்கள். நீங்கள் போனபிறகும் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அணையை உடைத்த அன்றுகூட நான் என்னை அவ்வளவு கேவலமாக நினைக்கவில்லை.

வெண்டலுக்கு விஷயம் தெரியும். சென்ற வாரம் துப்பாக்கியோடு வந்தான்.

"என்னப்பா ஃபெர்மின், மதகுக்குக் காவலுக்கு ஆள் வச்சிருக்கியா? கூலி என்ன, மரமா?"

"போயிட்டு வா வெண்டல்" என்றேன்.

"அஞ்சு குண்டு. அஞ்சே நிமிஷம். மனுவுல மொதக் கையெழுத்துப் போட்டவன் நிலத்துலேயே குடும்பம் நடத்துதுன்னா ஊர் சிரிக்காதா?"

"சிரிக்கட்டும்."

"உனக்கென்ன ஆச்சு?"

 அவனைக் கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்டினேன். ஓடை மேலே வறண்டு கிடக்கிறது, கல்லெல்லாம் வெள்ளையாக. மதகுக்கு முன்னால் மட்டும் அவை கட்டிய அணைக்குப் பின்னால் குளம். என் மாடுகள் அதில்தான் குடிக்கின்றன. என் நிலத்திலேயே அந்தக் குளத்தைச் சுற்றித்தான் புல் பச்சையாக இருக்கிறது. எவ்வளவு அகலம் என்றால், இந்தக் கோடையில் நான் வெட்டிய புல் முழுக்க அங்கே வெட்டியதுதான். வெண்டல் பூட்ஸால் தரையை அழுத்திப் பார்த்தான். தண்ணீர் ஊறி வந்தது. துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான். மனம் மாறிவிட்டான் என்று நினைக்காதீர்கள். அவன் வாய்க்கால் இன்னும் காய்ந்துதான் கிடக்கிறது.

நான் எவற்றை விரட்டினேனோ அவை வந்து என் மாட்டுக்குத் தண்ணீர் வைத்திருக்கின்றன. அவை எனக்காகச் செய்யவில்லை, தெரியும். இருந்தாலும் அவற்றின் சோற்றைத் தின்கிறவன் மாதிரி இருக்கிறது.

இன்னொன்று. நீங்கள் கேட்டதற்கு ஜூன் மாதம் பொய் எழுதினேன். பாதியில் விட்டால் ஆபத்து என்பதெல்லாம் பிறகு யோசித்தது. நீங்கள் கரையில் வந்து நின்றபோது எனக்குத் தோன்றியது வேறு. இப்போது நிறுத்தினால் இது தப்பு என்று எனக்கும் தெரியும் என்று ஆகிவிடும். அதனால்தான் இன்னொரு முறை இறக்கினேன். தெரியாதவன் மாதிரி இருக்க வேண்டும் என்று.

என்னிடம் பழைய ஜூனிப்பர் வேலிக்கம்பங்கள் இருக்கின்றன, நல்ல கம்பங்கள். அந்தப் படிக்குக் கீழே வரிசையாக அடித்து, நடுவில் வில்லோ பின்னி, சேறு அப்பினால் ஒருவேளை நிற்கும் என்று நினைக்கிறேன். அவை கட்டுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் தோன்றியது. நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் வந்து அடித்துவிட்டுப் போகவா?

ஃபெர்மின்


மேல் பண்ணை
15 ஆகஸ்ட் 1988

ஃபெர்மின்,

நான் வீட்டில் இல்லாத நேரத்தில் நீ ஏற்கெனவே ஒருமுறை வந்துவிட்டாய். இனி இருக்கும்போது வா.

வியாழக்கிழமை காலை. கம்பங்களைக் கொண்டு வா. பேச வேண்டாம். என்னால் முடியுமா என்று தெரியவில்லை.

ஐந்து என்று எழுதியிருந்தாய். இரண்டு முறை படித்தேன். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்ததற்கு உன்னை அடிக்க வேண்டும்.

கொட்டகையில் நீ இருந்தது எனக்குத் தெரியும். உன் நாய் காட்டிக்கொடுத்தது.

கி.


கீழ்ப் பண்ணை
12 செப்டம்பர் 1988

அண்ணி,

சேர்ந்து வேலை செய்த நாட்களில் "கம்பம்", "கல்லு", "பிடி", "விடு" என்பதைத் தவிர நாம் எதுவும் பேசவில்லை. எனக்கு அது சௌகரியமாக இருந்தது. சம்மட்டி அடிப்பவன் பேசத் தேவையில்லை. சாப்பாட்டு நேரத்தில்தான் கஷ்டம். ரொட்டியையும் சோரிசோத் தொத்திறைச்சியையும் எனக்கு அருகில் வைத்துவிட்டு நீங்கள் தள்ளிப்போய்க் கல்லின்மேல் உட்கார்ந்தீர்கள். அது கோபமா, எனக்கு இடம் கொடுத்ததா என்று இன்னும் தெரியவில்லை.

படியை முதன்முதலாக அருகில் நின்று பார்த்தேன். கடிதத்தில் இடுப்பு உயரம் என்று படித்தது வேறு. அதன் கீழே இறங்கிக் குனிந்தபோது கண்ணுக்கு நேராகப் புல்லின் வேர் தொங்கிக்கொண்டிருந்தது. வேரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு உயிரை அறுத்துப் பார்ப்பது போல இருந்தது. நான் அரை மணி நேரம்கூட இயந்திரத்தை ஓட்டவில்லை, அண்ணி.

முதல் வேலி பிய்த்துக்கொண்டு போனது என் தவறு. நான்தான் நெருக்கமாகப் பின்னச் சொன்னேன், ஒரு சொட்டு ஒழுகக் கூடாது என்று. அன்றிரவு மழையில் தண்ணீர் மேலே போக வழியில்லாமல் அடியில் தோண்டிக்கொண்டு போய்விட்டது. காலையில் வந்து பார்த்தபோது கம்பங்கள் குடிகாரர்கள் மாதிரி சாய்ந்து கிடந்தன. என்னால் லாரியை விட்டு இறங்கவே முடியவில்லை. இரண்டாவது முறையும் கெடுத்துவிட்டேன் என்றுதான் தோன்றியது. நீங்கள் வந்து லாரிக் கதவைத் தட்டினீர்கள். அதுதான் மே மாதத்துக்குப் பிறகு நீங்கள் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம்: "எறங்கு. அதுங்களும் முத தடவயே சரியா கட்டிருச்சுன்னு நெனச்சியா?"

இரண்டாவதை ஒழுகும்படி விட்டோம். ஒன்றுக்குப் பதில் ஐந்து. தாழ்வாக, வரிசையாக. நேற்றைய மழைக்கு எப்படி இருக்கிறது? எழுதுங்கள். நானே வந்து பார்க்கலாம்தான். நீங்கள் கூப்பிடாமல் அந்தக் கதவைத் தாண்டிவரக் கால் எழவில்லை.

அடுத்த மாதம் பதினான்காம் தேதி பள்ளிக்கூடத்தில் தண்ணீர்ச் சங்கக் கூட்டம். மனு அங்கே வருகிறது. முதல் கையெழுத்துப் போட்டவன்தான் எழுந்து படிக்க வேண்டுமாம். வெண்டல் நேற்று நினைவுபடுத்திவிட்டுப் போனான்.

ஃபெர்மின்


மேல் பண்ணை
20 செப்டம்பர் 1988

ஃபெர்மின்,

நின்றது. ஐந்தில் நான்கு நின்றது. ஐந்தாவது சாய்ந்திருக்கிறது, விழவில்லை. வேலிகளுக்குப் பின்னால் சேறு படிந்திருக்கிறது, என் முழங்கால் ஆழம். படி மேலே வரவில்லை. கம்பு நட்டு வைத்து அளந்துகொண்டிருக்கிறேன், அசையவே இல்லை. கிணற்றில் இன்னும் வாளி நனைகிறது.

கூட்டத்துக்கு நான் வரப்போவதில்லை. நான் இருந்தால் நீ எனக்காகப் பேசுகிறாய் என்பார்கள். அல்லது எனக்குப் பயந்து பேசுகிறாய் என்பார்கள். நீ என்ன பேசுவாய் என்று நான் கேட்கவும் மாட்டேன். உன் வாய்க்கால், உன் ஊர், உன் கையெழுத்து.

கல்லின்மேல் உட்கார்ந்தது, முதுகுவலிக்காக.

கிராசியானா


கீழ்ப் பண்ணை
16 அக்டோபர் 1988

அண்ணி,

நடந்ததை வேறு யாராவது அலங்கரித்துச் சொல்வதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

ஓடைக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். குழந்தைகள் உட்காரும் நாற்காலி, முழங்கால் மோவாயை இடித்தது. தலைவர் மனுவை என்னிடம் நீட்டி, "படி ஃபெர்மின்" என்றார். எழுந்தேன். தாளை மேசைமேல் வைத்துவிட்டேன்.

"நான் இதைப் படிக்கல. என் பேர அடிச்சிடுங்க" என்றேன்.

வெண்டல், "அண்ணி மெரட்டிட்டாங்களா?" என்றான். சிரிப்பு.

"அவங்க என்கிட்ட பேசுறதே இல்ல" என்றேன். அதற்கு இன்னும் சிரிப்பு. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. உட்கார்ந்துவிடலாமா என்று இருந்தது. உட்கார்ந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும், பேரை அடித்திருப்பார்கள், மனு நிறைவேறியிருக்கும்.

அதனால் சொன்னேன். பூசை நேரம் பார்த்துப் போனதைச் சொன்னேன். பூட்டாத கதவைச் சொன்னேன். நீங்கள் வந்து நின்றதையும், நான் பார்த்ததையும், பார்த்தபிறகு செய்ததையும் சொன்னேன். அதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. சேற்றில் கிடந்த குட்டியைச் சொன்னேன். "பத்து நாள் தண்ணி வந்துச்சு. அப்புறம் என் வாய்க்காலும் காஞ்சுது, உங்க வாய்க்காலும் காஞ்சுது. வெயில்னு சொன்னேன். வெயில் இல்ல. நான்தான். உங்க ஆகஸ்ட் தண்ணிய நான்தான் மே மாசத்துல கொட்டிட்டேன். கோவப்படுறதா இருந்தா பீவர் மேல படாதீங்க" என்றேன்.

இதைச் சொன்னால் மனம் லேசாகும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை. கடைசி வரிசையில் இருந்த ஒருவர், எனக்குப் பழக்கமே இல்லாதவர், "என் ரெண்டாவது அறுப்பு முழுக்கப் போச்சே, அது உன்னாலயா?" என்று அமைதியாகக் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மனுவைத் தள்ளுபடி செய்யவில்லை. ஏற்றுக்கொள்ளவும் இல்லை. வெண்டல்தான், வேறு யார், எழுந்து, "எனக்கு இவன் சொல்றதுல பாதி நம்பிக்கதான். ஆனா அவன் மதகுப் பக்கம் நெலம் ஈரமா இருந்தத நான் பூட்ஸோட மிதிச்சுப் பாத்தேன். ஒரு வருஷம் போகட்டும்" என்றான். ஒரு வருடம் ஒத்திவைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

வெளியே வந்தபோது யாரும் என்னோடு பேசவில்லை. விடுதியில் சாப்பிடப் போனார்கள். நான் லாரியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஃபெர்மின்


மேல் பண்ணை
3 நவம்பர் 1988

ஃபெர்மின்,

சனிக்கிழமை மெர்சே என்னிடம் கேட்டாள்: "உன் கொழுந்தன் எங்க? சாப்பிட வரமாட்டேங்கறான்." வெட்கம் என்றேன். "வெக்கப்படறவனுக்குப் பசிக்காதா?" என்றாள். அந்த ரெண்டாவது அறுப்புக்காரர் உன் பெயரைச் சொன்னபோது முகம் சுளித்தார், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். எனக்கும் உன்மேல் இருக்கும் கோபம் போய்விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குத் திரும்பும்போது இன்னும் காதைத் தீட்டிக்கொண்டுதான் வண்டியை விட்டு இறங்குகிறேன். அது எப்போது போகும் என்று எனக்குத் தெரியாது. போகாமலும் இருக்கலாம்.

ஆனால் இன்று காலை ஒன்று நடந்தது.

முதல் பனி லேசாக விழுந்திருந்தது. ஐந்து வேலிகளையும் பார்க்கப் போனேன். மூன்றாவது வேலியின்மேல் ஒரு வில்லோக் குச்சி சொருகியிருந்தது. நாம் பின்னியது எல்லாம் பட்டையோடு இருக்கிறது, காய்ந்து கறுத்துவிட்டது. இது பட்டை உரித்து வெள்ளையாக, ஈரமாக இருந்தது. இரண்டு முனையிலும் பல் தடம். அதன்மேல் புதுச் சேறு, கையால் அப்பியது போல. பனியில் வால் இழுத்த தடம் உன் பக்கத்திலிருந்து வந்தது. திரும்பிப் போன தடம் இல்லை. ஒன்றுதான் என்று நினைக்கிறேன். போன வருடத்துக் குட்டிகளில் ஒன்றாக இருக்கும், தனியாக இடம் தேடும் வயது.

நாம் கட்டியதை அது இடிக்கவில்லை, ஃபெர்மின். ஒழுகிய இடத்தைப் பார்த்து அடைத்திருக்கிறது.

குளிரில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. லியோனிடம் சொல்ல முடியாது. அவருக்குப் பீவரே பிடிக்காது. வேறு யார் யாரையோ நினைத்துப் பார்த்தேன். உன்னைத் தவிர யாருக்கும் இது என்னவென்று புரியாது.

கிராசியானா